எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள், மணிக்கட்டு ஏன் இன்னும் வலிக்கிறது?

வழுக்கி விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை, கை தானாகவே முன்னால் போய்விடும். உடம்பின் எடை மொத்தமும் ஒரு நொடியில் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். வீக்கம் வரும், எக்ஸ்ரே எடுப்பார்கள், பார்த்துவிட்டு "எலும்பு எதுவும் உடையவில்லை, சுளுக்குதான்" என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் பல பேருக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எனக்கும் அப்படித்தான். ஈரமாக இருந்த படியில் வழுக்கி வலது கையை ஊன்றினேன், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, ஒரு வாரத்தில் வீக்கமும் வடிந்துவிட்டது. மூன்றாவது வாரம் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். சுண்டுவிரல் பக்கம் ஒரு எலும்பு புடைத்துத் தெரியுமே, அதற்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பள்ளத்தில் ஊசியை இறக்கியதுபோல ஒரு வலி. சாவியை அப்படியே பூட்டில் விட்டுவிட்டு இடது கையால் திறக்க வேண்டியதாயிற்று. எலும்பு உடையவில்லை என்றுதானே சொன்னார்கள், அப்புறம் இது என்ன என்ற கேள்விக்குப் பதில் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நாம் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒன்று, முறிவு இல்லை என்றால் அடியே இல்லை என்று நினைத்து மறுநாளே வாளியைத் தூக்குவது. இன்னொன்று, இரண்டு மாதமாகியும் வலிக்கிறதே, உள்ளே ஏதோ உடைந்துதான் கிடக்கிறது என்று பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பது. இரண்டுமே கையைக் கெடுக்கும். ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

## கட்டி வைத்த கூழாங்கற்கள்

முழங்கையைக் கதவுக் கீல் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டு அப்படி இல்லை. எட்டுக் கூழாங்கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருப்பதோடு நாரால் இறுக்கிக் கட்டியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த எட்டும் சின்னச் சின்ன எலும்புகள். ஒரு பக்கம் முன்கையின் இரண்டு எலும்புகள்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. மறுபக்கம் உள்ளங்கையின் ஐந்து எலும்புகள். நடுவில் இந்தக் கூழாங்கற்கள்.

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நாருக்கு மருத்துவத்தில் லிகமென்ட் என்று பெயர். பேச்சில் நாம் ஜவ்வு என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன். தசையை எலும்போடு இணைக்கும் கயிறு வேறு, அதற்கு டெண்டன் என்று பெயர். ஜவ்வு கட்டிப்பிடிக்கும், டெண்டன் இழுக்கும். இந்த வித்தியாசம் மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இங்கே ஒரு வேடிக்கையான அமைப்பு இருக்கிறது. முன்கையை ஒட்டியிருக்கும் முதல் வரிசை எலும்புகளில், பட்டாணி அளவுள்ள ஒன்றைத் தவிர, மற்றவற்றை நேரடியாக இழுக்க டெண்டன் எதுவும் கிடையாது. முன்னும் பின்னும் இருக்கும் எலும்புகள் தள்ளுகிற பக்கம் அவை நகரும், அவ்வளவுதான். ரயிலின் நடுவில் கோத்த பெட்டிக்குச் சொந்த எஞ்சின் இல்லாததுபோல. அந்தப் பெட்டிகள் தடம் மாறாமல் போவது முழுக்க முழுக்க ஜவ்வுகளின் வேலை. அதனால்தான் இடுப்பிலோ தொடையிலோ பெரிதாகத் தெரியாத ஒரு சின்ன நார்க்கிழிசல் மணிக்கட்டில் மொத்தக் கையையும் முடக்கிப்போடுகிறது.

சரி, இப்போது நல்ல கையை வைத்து ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுதாக மடக்கிக்கொண்டு இறுக்கமாக முஷ்டி பிடிக்கப் பாருங்கள். முடியாது, விரல்கள் பாதியில் நின்றுவிடும். மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் நிமிர்த்தியதும் முஷ்டி தானாக இறுகும். விரல்களை மடக்கும் பெரிய தசைகளெல்லாம் முன்கையில் இருக்கின்றன, அவற்றின் டெண்டன்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு நிமிர்ந்து நிலையாக நிற்காவிட்டால் பிடிக்குப் பலம் வராது. மணிக்கட்டில் அடிபட்டவர்கள் விரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டம்ளர் நழுவுகிறது என்று சொல்வது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: மணிக்கட்டு என்பது எட்டு எலும்புகளின் கட்டு, அந்தக் கட்டு நிற்பது ஜவ்வுகளால், கையின் பிடிபலம் அந்தக் கட்டு உறுதியாக இருப்பதைப் பொறுத்தது.

## எக்ஸ்ரேக்குத் தெரிவதும் தெரியாததும்

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதே வருடம் டிசம்பர் 22 அன்று தன் மனைவியின் கையை அந்தக் கதிரில் படமெடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம் அது. விரல் எலும்புகள் தெரிகின்றன, விரலில் இருந்த மோதிரம் கரிய வட்டமாகத் தெரிகிறது, சதை ஒரு மங்கலான நிழல். ஜவ்வு, டெண்டன், நரம்பு எதுவும் தெரியவில்லை. இன்றைய எக்ஸ்ரே அதைவிடப் பல மடங்கு தெளிவு, ஆனால் அடிப்படை மாறவில்லை: கால்சியம் நிறைந்த எலும்பு கதிரைத் தடுக்கும், மென்மையான நார்கள் பெரும்பாலும் கடந்துபோக விட்டுவிடும்.

தையல் அறுந்த புத்தகத்தை மூடி மேசையில் வைத்து ஒரு புகைப்படம் எடுங்கள். அட்டை சரியாக இருக்கும், தாள்கள் வரிசையாக இருக்கும், படத்தைப் பார்த்தால் நல்ல புத்தகம்தான். கையில் எடுத்து விரித்தால்தான் தாள்கள் கழன்று விழும். சும்மா மேசைமேல் வைத்த மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பதும் இப்படித்தான். எலும்புகள் தங்கள் இடத்தில் இருக்கும், பாரம் ஏறும்போது விலகும். அதனால்தான் சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் முஷ்டியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுப்பார்கள், இரண்டு கையையும் எடுத்து ஒப்பிடுவார்கள்.

ஆகவே "முறிவு இல்லை" என்பது ஒரே ஒரு கேள்விக்கான பதில். எலும்பு உடைந்திருக்கிறதா என்று கேட்டோம், படத்தில் அப்படித் தெரியவில்லை என்று பதில் வந்தது. ஜவ்வு எப்படி இருக்கிறது என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை. மருத்துவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் அந்தப் பதிலை இழுத்து எல்லாவற்றுக்கும் போர்த்திவிடுகிறோம்.

எம்ஆர்ஐ காந்தப்புலத்தை வைத்து உடம்பில் உள்ள நீர், கொழுப்பின் ஹைட்ரஜனைப் படிக்கிறது, அதனால் ஜவ்வு, டெண்டன், எலும்புக்குள் இருக்கும் வீக்கம் எல்லாம் தெரியும். ஆனால் அதுவும் கடவுளின் கண் இல்லை. மணிக்கட்டின் ஜவ்வுகளில் சில ஓரிரு மில்லிமீட்டர் தடிமன்தான், பாதி கிழிசல் எம்ஆர்ஐயிலும் தப்பிவிடலாம். மறுபக்கம், வலியே இல்லாத பலருக்கும், குறிப்பாக வயது கூடக்கூட, எம்ஆர்ஐயில் கிழிசல் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டு இதுதான் என் வலிக்குக் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. வலிக்கும் இடமும் ரிப்போர்ட்டில் உள்ள இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

## முறிவு இல்லாமல் வேறு என்னதான் ஆகியிருக்கும்

பெரும்பாலும் ஜவ்வு இழுபட்டிருக்கும். சுளுக்கு என்ற சொல்லை நாம் கழுத்துப் பிடிப்பிலிருந்து முதுகுவலி வரை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம், மருத்துவத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: ஜவ்வு அதன் அளவுக்கு மேல் இழுபட்டது. அதில் மூன்று படிகள். முதல் படியில் நார்கள் நீண்டிருக்கும், பெரிதாக அறுந்திருக்காது. இரண்டு, மூன்று வாரத்தில் கணிசமாகத் தேறிவிடும். இரண்டாவது படியில் ஒரு பகுதி கிழிந்திருக்கும். ஆறு, எட்டு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. மூன்றாவது படியில் முழுதாக அறுந்திருக்கும். இங்கே காலக்கணக்கு சொல்வது கஷ்டம், சில இடங்களில் அறுவை சிகிச்சை தேவைப்படும். வெறும் சுளுக்கு என்ற பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன, அதுதான் எனக்கு வருத்தம்.

மணிக்கட்டில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதல் வரிசையில் படகு வடிவில் ஒரு எலும்பும் பிறை வடிவில் ஒரு எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ரிப்போர்ட்டுகளில் ஸ்காஃபாய்டு, லூனேட் என்று இருக்கும். இந்த இரண்டையும் கட்டும் ஜவ்வு முழுதாக அறுந்தால் படகு ஒரு பக்கம் சாயும், பிறை மறுபக்கம் சாயும், நடுவில் இடைவெளி விழும். முஷ்டி பிடித்து எடுத்த படத்தில் அந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவர் புருவத்தைச் சுருக்குவார். இதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் எலும்பின் மேல்பூச்சு தேய்ந்து மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும். முதல் சில வாரங்களில் தெரிந்தால் சரிசெய்வது எளிது, தள்ளத் தள்ளக் கடினம்.

இரண்டாவது இடம் சுண்டுவிரல் பக்கம். அங்கே அல்னா எலும்பின் முனைக்கும் கூழாங்கற்களுக்கும் நடுவில் குருத்தெலும்பும் ஜவ்வும் சேர்ந்த முக்கோண வடிவ மெத்தை ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டில் டிஎஃப்சிசி என்று நான்கு எழுத்தில் போடுவார்கள். கையில் ஏறும் பாரத்தில் சுமார் 80 சதவீதம் ரேடியஸ் வழியாகவும் மீதி 20 இந்த மெத்தை வழியாக அல்னாவுக்கும் போகிறது. முன்கை எலும்புகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சுழலும்போது விலகாமல் பிடித்துவைப்பதும் இதுதான். அதனால் சாவி திருப்பும்போதும் ஈரத்துணி பிழியும்போதும் நாற்காலியின் கைப்பிடியில் கை ஊன்றி எழும்போதும் வலிக்கும். என் சாவிக் கதை இங்கேதான் வந்து நின்றது. இந்த மெத்தையின் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, நடுப்பகுதிக்கு மிகக் குறைவு. ரத்தம் போகிற இடம் ஆறும், போகாத இடம் லேசில் ஆறாது. ஒரே பெயர் போட்ட கிழிசல் ஒருவருக்குச் சீக்கிரம் ஆறி இன்னொருவருக்கு இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

எலும்பு உடையாமல் கன்றிப்போவதும் உண்டு. எலும்பின் உள்பகுதி கெட்டியான கல் இல்லை, தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். மோதலில் அந்த அறைச் சுவர்கள் நசுங்கி உள்ளே ரத்தமும் நீரும் கோத்துக்கொள்ளும். வெளிச்சுவர் அப்படியே இருப்பதால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் வலிக்கும், தானாகவும் ஆறும்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். உண்மையிலேயே உடைந்திருந்தும் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் முறிவு ஒன்று இருக்கிறது, மேலே சொன்ன படகு எலும்பில். கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், விறைத்து நிற்கும் இரண்டு டெண்டன்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய குழி என்பதால் உடற்கூறியலில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. விழுந்த பிறகு அந்தக் குழியை விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலிக்கிறது என்றால், எக்ஸ்ரே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கட்டைவிரலையும் சேர்த்துப் பட்டை போட்டு, 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்பப் படமெடுப்பதுதான் வழக்கம், வசதி இருந்தால் முன்னதாகவே எம்ஆர்ஐ எடுப்பார்கள். மயிரிழை விரிசலின் ஓரங்கள் அதற்குள் கொஞ்சம் கரைந்து அகலமாவதால் இரண்டாவது படத்தில் பிடிபடும். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்று அந்தத் துண்டு செத்தே போகலாம். இரண்டு வாரம் பட்டை போட்டது வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சுருக்கமாக: ஜவ்வு நீண்டிருக்கலாம், கிழிந்திருக்கலாம், முக்கோண மெத்தை பழுதாகியிருக்கலாம், எலும்பு கன்றியிருக்கலாம், படகு எலும்பில் விரிசல் ஒளிந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முதல் எக்ஸ்ரே ஒரே மாதிரிதான் இருக்கும்.

## ஜவ்வு எப்படி ஆறுகிறது

அடிபட்ட ஜவ்வு மூன்று கட்டமாக ஆறும். முதல் சில நாட்கள் வீக்கம், சூடு, வலி. இதைக் கெடுதல் என்று நினைக்கிறோம், உண்மையில் இது துப்புரவு வேலை: ரத்தக்குழாய்கள் விரிந்து, கிழிந்த நார்களை அகற்றும் செல்கள் அங்கே வந்து இறங்குகின்றன.

அடுத்த சில வாரங்கள் நிரப்பும் வேலை. கொலாஜன் என்பது ஜவ்வு நெய்யப்பட்டிருக்கும் புரதநூல். புதிய கொலாஜன் சரசரவென்று போடப்படும், ஆனால் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி எல்லாத் திசையிலும் கிடக்கும். அளவு இருக்கும், உறுதி இருக்காது. இந்தக் கட்டத்தில்தான் வலி வெகுவாகக் குறைகிறது. வலி போனதும் நாம் ஆறிவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். வாளியைத் தூக்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதும் இந்த வாரங்களில்தான்.

மூன்றாவது கட்டம் சீரமைப்பு. சுமார் மூன்றாவது வாரத்தில் தொடங்கி மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேல்கூட நடக்கும். சிக்கலாகக் கிடந்த நூல்கள் இழுவிசை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் வரிசையாகின்றன, மெல்லிய நூல்கள் போய்த் தடித்தவை வருகின்றன. ஜவ்வில் உள்ள செல்கள் இழுபடுவதை உணரக்கூடியவை, எந்தப் பக்கம் பலம் தேவை என்பதை அந்த இழுப்பிலிருந்துதான் தெரிந்துகொள்கின்றன. அளவாக இழுத்தால் ஒழுங்காக நெய்யும், இழுப்பே இல்லாவிட்டால் சிக்கலாகவே விட்டுவிடும், அளவுக்கு மேல் இழுத்தால் நெய்தது அறுந்துபோகும்.

ஓய்வா அசைவா என்ற பழைய சண்டைக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஓய்வு, ஐஸ், இறுக்கக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கு சொல் சூத்திரத்தை 1978ல் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பிற்பாடு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்க முடியாத முதல் ஓரிரு நாளில் துணியில் சுற்றிய ஐஸைக் கொஞ்ச நேரம் வைப்பதில் தப்பில்லை, வலி குறையும். அதையே இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருப்பதற்குத்தான் அர்த்தமில்லை.

## கையை எப்போது, எவ்வளவு அசைப்பது

முதல் நாளே செய்ய வேண்டியது: மோதிரம், வளையல் எல்லாம் கழற்றுவது. வீக்கம் ஏறியபிறகு கழற்றப் போராட வேண்டிவரும். கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்திருப்பது, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பது. மணிக்கட்டுக்குத்தான் ஓய்வு, விரலுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் ஓய்வு வேண்டாம். யாராவது பிடித்து முறுக்கி இழுத்து நீவிவிடுகிறேன் என்று வந்தால் கையைக் கொடுக்காதீர்கள். கிழிந்த துணியை இழுத்துப் பார்ப்பது போன்றது அது.

மணிக்கட்டுப் பட்டை எவ்வளவு நாள் என்பது அடியைப் பொறுத்தது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். லேசான சுளுக்கு என்றால் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரம். அதன்பிறகும் பயத்தில் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி இறுகும், முன்கைத் தசை மெலியும், ஜவ்வுக்கும் மேலே சொன்ன இழுப்பு கிடைக்காது. பட்டையைக் கழற்றிய அன்று இரண்டு முன்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது கை என்னுடையது மாதிரியே இல்லை, அவ்வளவு மெலிந்திருந்தது.

அசைவை மெதுவாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதலில் பாரமில்லாமல் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில், பிறகு முன்கையைச் சுழற்றுவது. சுத்தியலால் ஆணி அடிக்கும்போது மணிக்கட்டு சாய்வாகப் போகுமே, அந்த அசைவில் முதல் வரிசை எலும்புகள் மிகக் குறைவாகவே நகர்கின்றன, அதனால் படகு, பிறை ஜவ்வு அடிபட்டவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து தொடங்கிவைப்பார்கள். அடுத்தது, அசையாமல் அழுத்தம் கொடுப்பது: நல்ல கையால் தடுத்துக்கொண்டு அடிபட்ட கையால் மெல்லத் தள்ளுவது. அப்புறம்தான் சிறிய எடைகள். உள்ளங்கையை ஊன்றிப் பாரம் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதிலும் முதலில் சுவர், பிறகு மேசை, பிறகு தரை.

எவ்வளவு வலி வரை போகலாம்? பிசியோதெரபியில் பலரும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு, எனக்கு அது மிகவும் உதவியது. பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், இன்று குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிட வேண்டாம்.

இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்ள வேண்டியது: விரலை முதல் நாளே அசையுங்கள், மணிக்கட்டுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பாரம், மறுநாள் காலை வலிதான் அளவுகோல்.

## ஆறியபிறகும் வலிப்பது

நார் ஓரளவு ஆறிவிட்டது, ஸ்கேனும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் வலி விடவில்லை என்று சொல்பவர்களை மனப்பிரமை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். வலி நிஜம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, நரம்பு மண்டலமும் அந்தப் பூனைதான். ஒருமுறை பலமாக அடிபட்ட இடத்தின் நரம்புகள் கொஞ்சநாளைக்கு மிகை உணர்வோடு இருக்கும், சாதாரண அசைவையே ஆபத்து என்று மூளைக்குச் சொல்லும், மூளையும் அந்தக் கையின் தசைகளை முழுப் பலத்தோடு இயங்க விடாது. பூனை அடுப்படிக்குத் திரும்ப வேண்டுமானால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே அழைத்துப்போக வேண்டும். சின்ன, வலிக்காத அசைவுகளைத் தினமும் செய்வது நரம்புக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். தூக்கக் குறைவும் கவலையும் இந்த உணர்வைக் கூட்டும். புகைபிடித்தல் ஆறுவதையே மெதுவாக்கும்.

## திரும்ப மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

கட்டைவிரல் அடிக்குழியில் வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் வீக்கம் அங்கே ஓடும் நரம்பை நெருக்குகிறது என்று பொருள், அதுவும் அவசரம்தான். விரல்கள் வெளிறி, நீலமாகி, சில்லிட்டுப்போனால் உடனே போக வேண்டும். பாரம் தூக்கும்போது உள்ளே டொக்கென்று எலும்பு இடம் மாறுவதுபோல ஒரு அதிர்வும் வலியும் வந்தால் ஜவ்வு முழுதாக அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வாரமாகியும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றாலும் போங்கள். அடிக்குச் சம்பந்தமில்லாத அளவு எரிச்சல், துணி பட்டாலே வலி, தோல் நிறம் மாறுவது, அந்தக் கை மட்டும் வியர்ப்பது என்று வந்தால் அது சிஆர்பிஎஸ் என்ற நரம்பு சார்ந்த கோளாறாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாக எடுபடும். குழந்தைகளுக்கு எலும்பு முனையில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மென்மையான தட்டு இருக்கிறது, அங்கே பட்ட அடி எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் குழந்தை அந்த இடத்தைத் தொடவிடவில்லை என்றால் சுளுக்கு என்று நாமே முடிவு செய்யாமல் திரும்பக் காட்டுங்கள்.

இரண்டாவது முறை போகும்போது "இன்னும் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் இன்னொரு வலி மாத்திரைதான் கிடைக்கும், எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரே ஒரு விரலால் வலிக்கும் புள்ளியைத் தொட்டுக் காட்டுங்கள். எந்த வேலையில் வலிக்கிறது என்று சொல்லுங்கள்: திருப்பும்போதா, ஊன்றும்போதா, பிடிக்கும்போதா. கூடவே ஓர் எண்ணும் கையில் இருந்தால் நல்லது. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதை மேசைமேல் வைத்து, நல்ல கையின் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி எத்தனை கிலோ வரை வலியில்லாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அடிபட்ட கையால், வலி தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி. ஊன்றவே கூடாது என்று சொல்லியிருந்தால் இதைச் செய்ய வேண்டாம். மற்றபடி வாரம் ஒருமுறை, அதே மேசை, அதே உயரம். நான் தொடங்கியபோது இடது கை 25 கிலோ, வலது கை 6. மூன்று வாரம் கழித்தும் 7ல்தான் நின்றது. அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து அழுத்திப் பார்த்தார், அன்றுதான் முக்கோண மெத்தை என்ற பேச்சே வந்தது.